தனியா ஆடுற ஆர்பிஜில மல்டிபிளேயர் வேணுமா? சண்டை போடுறதுக்கு முன்னாடி நீங்களே சோதிச்சுப் பாக்க ஒரு வழி

பெதஸ்டா கம்பெனியோட எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆர்பிஜி (ஒரு கேரக்டரா வாழ்ந்து ஆடுற கேம்) சீரிஸ்ல ஸ்கைரிமுக்கு அப்புறம் வரப்போற எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 டீசர் 2018 ஜூன்ல வந்துச்சு, கொஞ்சம் மலை, கொஞ்சம் மேகம், தீம் மியூசிக், அவ்ளோதான். அப்பலேர்ந்து ரசிகர்களுக்குள்ள ஓயாம ஓடுற பஞ்சாயத்து ஒண்ணு இருக்கு, இதுல மல்டிபிளேயர் இருக்கணுமா கூடாதானு. "ஒரே ஒரு ஃப்ரெண்டோட ஆடுற மாதிரி கோ-ஆப் குடுத்தா போதும்யா"னு ஒரு கோஷ்டி, "அதுக்குத்தான் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் இருக்கே, அங்க போ"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பக்கமும் முக்காவாசி பேரு மனசுல தோணுறத பேசுறாங்களே தவிர ஆடிப் பாத்துட்டு பேசுறதில்ல. ஆடிப் பாக்க வழி இருக்கு, பெருசா செலவும் இல்ல, ஒரு சுமாரான பிசி, ஸ்கைரிம், சொன்னா கேக்குற ஒரு ஃப்ரெண்டு, இது மூணும் இருந்தா ஒரு சனி ஞாயிறுலயே உங்களுக்கான பதில் கெடச்சிடும்.

என் கட்சி என்னனு முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஒளிச்சு வெச்சு பேசுறான்னு வேணாம். கிராஃபிக்ஸ், சர்வர், கதை, லோர் (அந்த உலகத்தோட பழங்கதை) எல்லாம் ரெண்டாம்பட்சம். அந்த கேம்ல நேரம் யார் கையில இருக்குங்கறதுதான் விஷயமே. நேரத்தை நிறுத்துற, ஓட்டுற, திருப்பி வைக்கிற உரிமை ஆடுறவன் கிட்ட இருக்குற கேம்ல இன்னொருத்தன உள்ள விட்டா அந்த உரிமை போயிடும், அது போச்சுன்னா கேம் வேற கேம் ஆயிடும். அது நல்லதா கெட்டதாங்கறது நீங்க எப்படி ஆடுறீங்கங்கறத பொறுத்தது, அதனாலதான் சோதனை.

எந்த மல்டிபிளேயர்னு முதல்ல தெளிவா சொல்லுங்க

பாதி சண்டை இதுலயே முடிஞ்சிடும். மல்டிபிளேயர்ங்கற ஒரே வார்த்தைய வெச்சிக்கிட்டு ஆளாளுக்கு வேற வேற சாமானத்த பேசுறாங்க. ஊரே உள்ள இருக்குற எம்எம்ஓ ஒண்ணு, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் மாதிரி. மெயின் கதையவே ரெண்டு பேரோ நாலு பேரோ சேர்ந்து ஆடுறது இன்னொண்ணு, பால்டர்ஸ் கேட் 3 மாதிரி. கதைக்கு சம்பந்தமில்லாம மெனுல தனியா ஒரு பட்டன் வெச்சு அங்க மட்டும் நாலு பேரு சேர்ந்து அடிக்கிறது மூணாவது, 2014ல வந்த டிராகன் ஏஜ் இன்க்விசிஷன்ல இருந்துச்சே அது. நாலாவது ரகத்த யாரும் கணக்குலயே எடுத்துக்கறதில்ல, ஆளு நேர்ல வராம நிழலா மட்டும் வர்றது. 2009 டீமன்ஸ் சோல்ஸ்ல தரையில எவனோ எழுதி வெச்சிட்டுப் போன குறிப்பு, 2012 டிராகன்ஸ் டாக்மால அடுத்தவன் உருவாக்குன பானை நம்ம கூட கூட்டிட்டுப் போறது, இதெல்லாம் அந்த வகை. (பான்னா அங்க கூடவே வர்ற அடியாளு, சமையல் பானை இல்ல.)

ஆக ஒருத்தன் "மல்டிபிளேயர் வேணும்"னா நாலுல எதுனு கேளுங்க, "வேணாம்"னு சொல்றவன் கிட்டயும் அதையே கேளுங்க. வேணாம்ங்கறவன்ல நிறைய பேரு முதல் வகையை நெனச்சு பயப்படுறான், வேணும்ங்கறவன் ரெண்டாவதை நெனச்சு ஆசைப்படுறான், ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பத்தி பேசுறதா நெனச்சிக்கிட்டு மணிக்கணக்கா திட்டிக்கறாங்க. அப்புறம் "இந்த சீரிஸ்ல மல்டிபிளேயரே இருந்ததில்ல"னு எவனாச்சும் ஆரம்பிச்சா 1997ல வந்த பேட்டில்ஸ்பயரக் காட்டுங்க, அதுல கோ-ஆப்பும் இருந்துச்சு, ஒருத்தர ஒருத்தர் அடிச்சிக்கற மோடும் இருந்துச்சு. மொத்தமா போணி ஆகலங்கறது வேற விஷயம்.

பேப்பரும் பேனாவும்

மோட் (ரசிகர்கள் கேமுக்கு பண்ணி விடுற மாற்றம்) எல்லாம் போடுறதுக்கு முன்னாடி இந்த சின்ன வேலைய பண்ணுங்க. ஸ்கைரிமை எப்பவும் போல தனியா ஒரு மணி நேரம் ஆடுங்க, பக்கத்துல ஒரு பேப்பர். கேம் உங்களுக்காக நேரத்தை வளைக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. மூணு பத்தியா பிரிச்சுக்கோங்க. நின்னது: இன்வென்ட்ரி தெறந்தது, மேப் பாத்தது, புக் படிச்சது, பூட்டு தெறந்தது, ஸ்கில் மரத்துல நட்சத்திரம் வெச்சது. ஓடுனது: கீபோர்டுல டி அமுக்கி காத்திருந்தது, படுத்துத் தூங்குனது, ஃபாஸ்ட் டிராவல் (மேப்ல காட்டுன எடத்துக்கு ஒரே தாவு) அடிச்சது. திரும்புனது: எஃப்9, அதாவது பழைய சேவுக்கு ஓடுனது.

முதல் பத்தி எல்லாருக்குமே நெறையத்தான் வரும், ஏன்னா அந்த கேம் கட்டியிருக்கறதே அப்படி. டிராகன் மூஞ்சிக்கு நேரா நெருப்பக் கக்கிட்டு இருக்கும், நாம சாவகாசமா பையைத் தெறந்து இருபது பாலாடைக்கட்டி சக்கரத்த முழுங்கிட்டு மூடுவோம், ஹெல்த் ஃபுல்லு. சிரிப்பு வரும், ஆனா அதுதான் அந்த கேமோட பேலன்ஸே, நின்னு யோசிக்க நேரம் இருக்குங்கற தைரியத்துலதான் நூத்துக்கணக்குல போஷனும் ஸ்பெல்லும் குடுத்து வெச்சிருக்காங்க. ஆனா பேச்சு மட்டும் அந்தப் பத்தில வராது பாருங்க. ஸ்கைரிமுக்கு முந்தின கேமான ஒப்லிவியன்ல யார் கிட்ட பேசுனாலும் கேமரா அவங்க மூஞ்சில போய் ஒட்டிக்கிட்டு உலகமே உறைஞ்சு போகும், 2011 ஸ்கைரிம்ல பேசிட்டிருக்கும்போதே பின்னாடி கோழி ஓடும், காவக்காரன் நடந்து போவான். அந்த வகையில பெதஸ்டாவே ஒரு படி எறங்கி வந்துட்டாங்கனு சொல்லலாம்.

ரெண்டாவது பத்தி எதுக்குன்னா, ஒப்லிவியன்லேர்ந்தே இந்த சீரிஸ்ல ஆளுங்களுக்கு தனித்தனி அட்டவணை இருக்கு, கடை காலையில எட்டு மணிக்குத்தான் தெறக்கும், ராத்திரி வந்தா கதவு பூட்டியிருக்கும். அந்த அட்டவணைய ரசிக்க முடியுறதே நம்மளால டி அமுக்கி அத தாண்ட முடியுங்கறதாலதான்.

மூணாவது பத்திதான் உங்க ஜாதகம். எஃப்9 கோடு ரொம்ப இருந்தா உங்களுக்கு மல்டிபிளேயர் கஷ்டம், இப்பவே சொல்லிடலாம். திருடுறவங்க, பிக்பாக்கெட் அடிக்கிறவங்க, "இந்த பதிலச் சொன்னா என்ன ஆகும்"னு எல்லா டயலாக்கையும் அமுக்கிப் பாக்குறவங்க, இவங்க எல்லாம் ஆடுறது ஒரு வகையில தப்பு பண்ணிட்டு அழிச்சிட்டு மறுபடி பண்ற ஆட்டம். கூட ஒருத்தன் இருந்தா அழிக்க முடியாது. எஃப்9 கோடு ரொம்ப கம்மியா இருந்தா, செத்தா சாவுறேன், மாட்டுனா ஜெயிலுக்குப் போறேன்னு ஆடுற ஆளு நீங்க, உங்களுக்கு கோ-ஆப் நல்லாவே செட் ஆகும்.

இப்ப ஃப்ரெண்டக் கூப்புடுங்க

ஸ்கைரிம் டுகெதர் ரீபார்ன்னு ஒரு மோட், ரசிகர்களே பண்ணது, 2022 ஜூலைல வந்துச்சு. சில பேரு சேர்ந்து ஸ்கைரிம் உலகத்துல சுத்தலாம், சின்ன குரூப்புக்குனே பண்ணது, நம்ம சோதனைக்கு ரெண்டு பேரு போதும். பிசிக்கு மட்டும்தான், கன்சோல்காரங்க மன்னிக்கணும்.

ரெண்டு பேரு கிட்டயும் ஸ்டீம்ல வாங்குன ஸ்பெஷல் எடிஷன் இருக்கணும், பழைய 2011 எடிஷன் ஆகாது. கேம் வெர்ஷன் ரெண்டு பக்கமும் ஒண்ணாவே இருக்கணும், அதனால ஸ்டீம் ப்ராப்பர்ட்டீஸ்ல போயி தானா அப்டேட் ஆகுறத நிறுத்தி, லாஞ்ச் பண்ணும்போது மட்டும் அப்டேட் ஆகட்டும்னு மாத்தி வெச்சிடுங்க. பழைய சேவ் எல்லாத்தையும் வேற இடத்துக்கு காப்பி எடுங்க, டாக்குமெண்ட்ஸ்குள்ள மை கேம்ஸ் ஃபோல்டர்ல இருக்கும், இதுக்கு சோம்பேறித்தனம் பட்டுட்டு அப்புறம் 200 மணி நேர கேரக்டர் போச்சேன்னு அழக் கூடாது. உங்க பழைய மோட் பட்டியலயும் ஒதுக்கி வெச்சிடுங்க. முதல் தடவ சுத்தமான கேம், கூட இந்த மோட், அதுக்குத் தேவையான அட்ரஸ் லைப்ரரி, அவ்ளோதான். மோட் ஆர்கனைசர் 2, வோர்டெக்ஸ், எது பழக்கமோ அதுல போடுங்க, ரெண்டு பேரு லோட் ஆர்டரும் (மோட் ஏறுற வரிசை) வரிக்கு வரி ஒண்ணா இருக்கணும். ஒருத்தன் மட்டும் "ஒரே ஒரு அழகான தாடி மோட் மச்சி"னு சேர்த்தா பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்கும்.

கேமை ஸ்டீம்ல இருந்து தெறக்காதீங்க, மோட் கூட வர்ற ஸ்கைரிம் டுகெதர் எக்ஸி வழியாத்தான் தெறக்கணும். ஒருத்தர் சர்வர் ஓட்டணும், அதுக்கு தனி எக்ஸி கூடவே இருக்கு, அத ஓட விட்டா கறுப்பு விண்டோ ஒண்ணு வரும், மூடிடாதீங்க. விண்டோஸ் ஃபயர்வால் கேட்டா அனுமதி குடுங்க. டீஃபால்ட் போர்ட் 10578.

இங்கதான் நம்மூர்காரங்களுக்கு ஒரு தனித் தலைவலி. பல நெட் கம்பெனிங்க ஒரே பப்ளிக் ஐபியை நிறைய வீட்டுக்கு பங்கு போட்டு குடுக்குறாங்க, ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் எத்தன தடவ பண்ணாலும் வெளியில இருந்து கனெக்ட் ஆகாது, தப்பு உங்க மேல இல்ல. அதோட மல்லுக்கட்டாம ரேட்மின் விபிஎன், ஸீரோடியர், ஹமாச்சி இதுல ஏதோ ஒண்ண ரெண்டு பேரும் போட்டு ஒரே நெட்வொர்க்ல சேருங்க, அது குடுக்குற ஐபியை ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க, வேலை முடிஞ்சுது. சர்வர் ஓட்டுறவரு தன்னோட சொந்த மெஷினுக்கே 127.0.0.1 போட்டு சேரணும்.

புது கேரக்டர் ஆரம்பிச்சு ஹெல்கன் வண்டி சீன், தலை வெட்டுற சீன் எல்லாத்தையும் அவங்கவங்க தனியாவே முடிச்சிட்டு குகைய விட்டு வெளிய வந்தப்புறம் கனெக்ட் பண்ணுங்க, அந்த ஆரம்ப சீன் ஸ்கிரிப்ட் எல்லாம் ரெண்டு பேர தாங்காது. கேமுக்குள்ள எஃப்2 அமுக்குனா இல்ல வலது பக்க கண்ட்ரோல் அமுக்குனா மோடோட மெனு வரும், அதுல ஐபி போட்டு உள்ள போங்க. உள்ள போனதும் முதல் வேலையா பார்ட்டி உருவாக்குங்க, பார்ட்டி இல்லாம சும்மா சுத்துனா குவெஸ்ட் சேர்ந்து நகராது. பார்ட்டி லீடர் யாருனு பேசி வெச்சுக்கோங்க, குவெஸ்ட் ஆரம்பிக்கறது, முக்கியமான ஆளு கிட்ட பேசுறது, குவெஸ்ட் பொருளை எடுக்குறது எல்லாமே லீடர்தான் பண்ணணும். கஷ்டம் எவ்ளோ இருக்கணும், ஒருத்தர ஒருத்தர் அடிக்கலாமா, எக்ஸ்பி பங்கு உண்டா, இதெல்லாம் சர்வர் ஃபோல்டர்ல கான்ஃபிக் உள்ள இருக்குற ஐஎன்ஐ ஃபைல்ல இருக்கு, நோட்பேட்லயே மாத்தலாம்.

லேப்டாப் ரொம்ப பழசுனா கவலைப்படாதீங்க, இதே சீரிஸ்ல பழைய கேமான மோரோவிண்டுக்கு டெஸ்3எம்பினு ஒண்ணு இருக்கு, ஓப்பன்எம்டபிள்யூ எஞ்சின் மேல கட்டுனது, 2002 கேம்ங்கறதால எந்த மெஷின்லயும் ஓடும், ஒரிஜினல் மோரோவிண்ட் ஃபைல் மட்டும் உங்க கிட்ட இருக்கணும். சொல்லப்போனா ஸ்கைரிம் மோடை விட இது கொஞ்சம் நிதானமாவே ஓடும்னு நான் சொல்லுவேன், ஆனா வாதம் எல்லாரும் ஸ்கைரிம வெச்சுத்தான் நடக்குதுங்கறதால அதுல இருந்தே ஆரம்பிங்க.

ஆடும்போது எதக் கவனிக்கணும்

முதல் ஒரு மணி நேரம் அட்டகாசமா இருக்கும். ரிவர்வுட்டுக்கு ரெண்டு பேரா நடந்து போறதே சந்தோஷம், ஒருத்தன் ஆத்துல குதிப்பான், ஒருத்தன் கோழிய அடிச்சு ஊரே தொரத்தும். இந்த ஒரு மணி நேரத்த வெச்சு மட்டும் தீர்ப்பு எழுதாதீங்க, ஃப்ரெண்டோட எத ஆடுனாலும் முதல் ஒரு மணி நேரம் ஜாலியாத்தான் இருக்கும், கேரம் போர்டு கூடத்தான். ப்ளீக் ஃபால்ஸ் பேரோங்கற பொதையறைக்குப் போயி முடிச்சு வைட்ரன் கோட்டைக்குள்ள வந்ததுக்கு அப்புறம் கவனிங்க.

மெனு தெறந்தா இங்க உலகம் நிக்காது. நீங்க மந்திரம் மாத்த தடவிட்டிருக்கும்போது டிராகர்ங்கற நடமாடுற பொணம் வந்து கோடாலியால மண்டைய பொளக்கும். பாலாடைக்கட்டி வைத்தியம் அவ்ளோ சுலபமா நடக்காது, ஹாட்கீ வெச்சு பழகணும், சண்டைக்கு முன்னாடியே தயாராகணும், அது ஒரு வகையில சண்டைய இன்னும் நல்லாக்குது, இத மறைக்காம சொல்லணும். ஆனா புக்? ஸ்கைரிம்ல படிக்க முன்னூறுக்கு மேல புக்கு இருக்கு, தனியா ஆடும்போது எந்த பொதையறைல கெடச்சாலும் அங்கயே நின்னு படிக்கலாம். இங்க "மச்சி எங்கடா இருக்க, நான் அடுத்த ரூமுக்கு வந்துட்டேன்"னு காதுல குரல் கேக்கும், புக்க மூடிட்டு ஓடுவீங்க. எத்தன புக்கு பாதில மூடுனீங்கனு அந்த பேப்பர்லயே எழுதுங்க.

ராத்திரி வைட்ரன் வந்தா கடை பூட்டியிருக்கும், டி அமுக்கி விடியிற வரைக்கும் ஓட்டலாம்னு பாத்தா கடிகாரம் சர்வர் கையில. கூட்டுக்குடும்பத்துல டிவி ரிமோட் மாதிரிதான், யாரு மாத்துனாலும் எல்லாருக்கும் மாறும், அதனால எவனுக்கும் மாத்துற உரிமை இல்ல. ஸ்லோ டைம் ஷவுட்டையும் (கத்துனா வேலை செய்யுற மந்திரம்) யோசிச்சுப் பாருங்க, தனியா இருக்கும்போது டீட் க்ளோ உல்னு கத்துனா உலகமே மெதுவாகும், நாம மட்டும் சுத்தி சுத்தி வெட்டலாம். ரெண்டு பேரு இருக்கும்போது யாருக்கு மெதுவாகணும்? ஃப்ரெண்டும் மெதுவாயிட்டா அவன் கடுப்பாவான், அவன் மெதுவாகலைன்னா அது ஷவுட்டே இல்ல. இதுக்கு நல்ல பதில் எந்த டெவலப்பர் கிட்டயும் இல்ல, ஏன்னா அந்த ஐடியாவே ஒரு ஆளுக்காக யோசிச்சது.

குவெஸ்ட் பக்கம் வருவோம். பேச்செல்லாம் லீடர் பேசுவான், மத்தவன் பக்கத்துல நின்னு காய்கறி பொறுக்கிட்டிருப்பான். அரை மணி நேரத்துக்கு ஒருக்கா லீடரை மாத்திப் பாருங்க, லீடரா இருக்கும்போது எப்படி இருந்துச்சு, இல்லாதப்ப எப்படி இருந்துச்சுனு ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுங்க, எழுதுற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காதீங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குற விஷயங்கள். மெரிடியா குடுக்குற டான்பிரேக்கர் வாள் ஒண்ணு, அஸுராவோட நட்சத்திரம் ஒண்ணு, டார்க் பிரதர்ஹுட்ங்கற கொலைகாரக் கூட்டத்துல சேரவும் செய்யலாம் மொத்தமா அழிக்கவும் செய்யலாம் ஆனா ரெண்டும் முடியாது, உள்நாட்டுப் போர்ல ஸ்டார்ம்க்ளோக்கா இம்பீரியலானு ஒரு பக்கம்தான் எடுக்கணும். ஃப்ரெண்டுக்கு ஸ்டார்ம்க்ளோக் புடிச்சு உங்களுக்கு புடிக்காம இருந்தா அந்த ஒரு எடத்துலயே உங்க சோதனைக்கு பாதி பதில் வந்துடும்.

திருட்டையும் ஒரு தடவ சோதிங்க. கடைக்காரன் தலையில வாளியக் கவுத்துட்டு கடைய காலி பண்ற வித்தை ஸ்கைரிம் வந்த புதுசுல உலகம் பூரா பேமஸ். ரெண்டு பேரா பண்ணா ஒருத்தன் வாளி, ஒருத்தன் கொள்ளை, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும், தனியா ஆடி இப்படி ஒரு சந்தோஷம் கெடைக்காது. ஆனா நல்லா நெனச்சுப் பாத்தா அந்த சந்தோஷம் ஸ்கைரிம் கதையால வந்ததில்ல, வாளியும் ஃபிசிக்ஸும் ஃப்ரெண்டும் சேர்ந்ததால வந்துச்சு. உங்க பேப்பர்ல எழுதுன நல்ல விஷயங்கள இப்படி ரெண்டா பிரிங்க, எது கேமால வந்துச்சு, எது ஃப்ரெண்டால வந்துச்சுனு.

மத்தவங்க என்ன பண்ணாங்கனு ஒரு கண்ணு

நேரக் கணக்க கையில வெச்சிக்கிட்டு மத்த கேம்களப் பாத்தா ஏன் சிலது ஓடுச்சு சிலது படுத்துச்சுனு ஓரளவு புரியும். பால்டர்ஸ் கேட் 3, 2023 ஆகஸ்ட், நாலு பேரு வரைக்கும் கோ-ஆப், உலகமே கொண்டாடுச்சு. ஏன்னா சண்டை முழுக்க டர்ன் முறை, நேரம் ஏற்கனவே துண்டு துண்டா வெட்டி ஆளுக்கு ஒண்ணா குடுத்தாச்சு, நீங்க அரை மணி நேரம் யோசிச்சாலும் கோப்ளின் காத்துக்கிட்டுத்தான் இருக்கும் (ஃப்ரெண்டு காத்திருப்பானாங்கறது வேற கேள்வி). அத பண்ண லேரியன் கம்பெனி இத ஒரே ராத்திரில கத்துக்கல, 2014 டிவினிட்டி ஒரிஜினல் சின்லயே ரெண்டு பேரு கருத்து ஒத்துப் போகலைன்னா கல்லு காகிதம் கத்திரி வெச்சு முடிவு பண்ற ஏற்பாடு இருந்துச்சு. பேச்சுல யாரு ஜெயிக்கணும்ங்கறதையே ஆட்டமாக்குனாங்க, அது அழகு. ஆனா கோ-ஆப் ஓசில வராது, ஒரே ஸ்கிரீன்ல ரெண்டு பேரு ஆடுற வசதிய எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ல ஓட்ட முடியாம எக்ஸ்பாக்ஸ் வெளியீடே 2023 டிசம்பர் வரைக்கும் தள்ளிப் போச்சு, கடைசில சீரீஸ் எஸ்ல அந்த வசதி இல்லாமயேதான் வந்துச்சு.

சோல்ஸ் கேம்கள், எல்டன் ரிங் எல்லாம் நேர் எதிர். அங்க ஆரம்பத்துல இருந்தே பாஸ் பண்ணி தப்பிக்க வழியில்ல, மெனு தெறந்தாலும் அடி விழும், தனியா ஆடுனாலும் நேரம் நம்ம கையில இல்ல. அதனால இன்னொருத்தன் உள்ள வந்தா எதுவும் உடையல. அதுலயும் உதவிக்கு வந்தவன் பாஸை (பெரிய எதிரிய) அடிச்சதும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, கதை உங்களோடதாவே இருக்கும். முழுக்க சேர்ந்து ஆடணும்னு ஆசைப்பட்டவங்களுக்கு 2025 மே மாசம் நைட்ரெய்ன்னு தனி கேமே விட்டாங்க, மெயின் கேமத் தொடல. வந்தப்ப தனியா இல்லனா மூணு பேரு, ரெண்டு பேருக்கு இடமே இல்ல, அப்புறம்தான் அப்டேட்ல சேர்த்தாங்க.

நிறுத்தி நிறுத்தி ஆடுற கேம்ல மல்டிபிளேயர் முடியவே முடியாதானு கேட்டா, 1998 பால்டர்ஸ் கேட் பாருங்க, ஆறு பேரு வரைக்கும் ஆடலாம். யாரு பாஸ் பண்ணலாம், யாரு காசு செலவு பண்ணலாம், யாரு பேசலாம்னு ஆளாளுக்கு அனுமதி குடுக்குற ஒரு ஸ்கிரீனே இருந்துச்சு. நேரம் யார் கையிலங்கற கேள்விய ஒளிக்காம மேசை மேல வெச்சாங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் புடிச்ச தீர்வு அதுதான், கொஞ்சம் கிளார்க் வேலை மாதிரி இருந்தாலும்.

மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ் பண்ண பயோவேர் கதைதான் வயித்தெரிச்சல். 2012 மாஸ் எஃபெக்ட் 3ல மல்டிபிளேயர் நெஜமாவே நல்லா இருந்துச்சு, ஆனா அத ஆடலைன்னா கேலக்டிக் ரெடினெஸ் (போருக்கு எவ்ளோ தயாருங்கற கணக்கு) 50 சதவீதத்துலயே நிக்கும்னு வெச்சு சிங்கிள் பிளேயர் முடிவோட முடிச்சுப் போட்டாங்க, ரசிகர்கள் கொந்தளிச்சு அப்புறம் இலவச அப்டேட்ல அந்த தேவைய கொறச்சாங்க. இன்க்விசிஷன்ல பாடம் கத்துக்கிட்டு ரெண்டையும் தனித்தனியா வெச்சாங்க, யாருக்கும் தொந்தரவு இல்ல. அதுக்கப்புறம் வந்ததுதான் கொடுமை, அடுத்த டிராகன் ஏஜை பாதில நிறுத்தி ஆன்லைன் கேமா மாத்தி, 2019ல அவங்களோட ஆன்லைன் கேம் ஆந்தம் படுத்ததுக்கு அப்புறம் மறுபடி சிங்கிள் பிளேயரா திருப்பி, கடைசில 2024 அக்டோபர் 31ல வெய்ல்கார்டா வந்துச்சு. பதினஞ்சு லட்சம் பேருதான் ஆடுனாங்க, எதிர்பார்த்ததுல கிட்டத்தட்ட பாதிதான்னு 2025 ஜனவரில பயோவேரோட முதலாளி கம்பெனி இஏ சொல்லுச்சு, அடுத்த மாசமே அவங்க சிஇஓ ஆண்ட்ரூ வில்சன் இப்ப ஆடுறவங்க சேர்ந்து ஆடுற வசதிகள எதிர்பாக்குறாங்கங்கற மாதிரி பேசுனாரு. எனக்குப் பட்டது நேர் எதிரா, அந்த கேம்ல தெரிஞ்ச தழும்பெல்லாம் நடுவுல ரெண்டு தடவ திசை மாத்துனதால வந்தது, மல்டிபிளேயர் இல்லாததால இல்ல. இந்த உதாரணத்த ரெண்டு கோஷ்டியும் தூக்கிட்டு வருவாங்க, அதனால வருஷத்த மனசுல வெச்சுக்கோங்க.

பெதஸ்டா வீட்டுக்குள்ளயே ரெண்டு உதாரணம். 2014 ஏப்ரல்ல எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், பண்ணது ஸெனிமேக்ஸ் ஆன்லைன் ஸ்டுடியோஸ்ங்கற தனி டீம். காசு குடுத்து வாங்கி மாசம் 14.99 டாலரும் கட்டணும்னாங்க, ஒரு வருஷத்துல மாச சந்தா கட்டாயத்த எடுத்துட்டாங்க. வந்த புதுசுல நீங்களும் ஃப்ரெண்டும் வேற வேற கூட்டணில சேர்ந்துட்டா கதைப் பகுதிய சேர்ந்து ஆடவே முடியாது, ஆன்லைன் கேம்ல! 2016 அக்டோபர்ல ஒன் டாம்ரியல் அப்டேட் வந்துதான் யாரும் யாரோடயும் எங்க வேணாலும் போலாம்னு ஆச்சு. இன்னொண்ணு 2018 நவம்பர்ல ஃபால்அவுட் 76, மனுஷ கேரக்டரே இல்லாம விட்டாங்க, மத்த பிளேயருங்கதான் மனுஷங்கனு, காலி ஊரா கெடந்துச்சு, 2020 ஏப்ரல்ல வேஸ்ட்லாண்டர்ஸ் அப்டேட்ல தான் பேச ஆளு வந்தாங்க. நடுவுல 2019ல மாசம் 12.99 டாலருக்கு ஒரு சந்தா விட்டாங்க, அதோட பெரிய கவர்ச்சி என்ன தெரியுமா, நீங்களும் உங்க ஆளுங்களும் மட்டும் இருக்குற தனி உலகம். மத்தவன் வரக்கூடாதுனு காசு கட்டுறாங்க சார் மல்டிபிளேயர் கேம்ல.

உங்க பேப்பர வெச்சு எப்படி முடிவு பண்றது

எஃப்9 கோடு நெறைய, பாதில மூடுன புக்கு நெறைய, நல்லா இருந்த நேரம் பூரா ஃப்ரெண்டால வந்ததுனு இருந்தா, நீங்க வேணாம் கட்சி, கூச்சப்படாம சொல்லுங்க. கோடு கம்மி, லீடரா இல்லாதப்பவும் போரடிக்கல, உள்நாட்டுப் போர்ல யாரு பக்கம்னு வாக்குவாதம் பண்ணதே ஜாலியா இருந்துச்சுன்னா வேணும் கட்சி. நடுவுல இருக்குறவங்கதான் அதிகம், அவங்களுக்கு நான் சொல்றது, வேணும் வேணாம்னு கேக்காம நிபந்தனையோட கேளுங்க. சேவ் ஃபைல் யாரோடது, ஃப்ரெண்டு நாளைக்கு வரலைன்னா நான் அதே சேவ்ல தொடரலாமா, தனியா ஆடும்போது மெனு தெறந்தா உலகம் நிக்குமா, நெட் இல்லாம ஆட முடியுமா, ரெண்டாவது ஆளுக்கு தனிக் கதை உண்டா இல்ல வெறும் அடியாளா, மோட் போட விடுவாங்களா. என்னைக் கேட்டா கடைசியா சொன்னதுதான் எல்லாத்துக்கும் மேல, ஏன்னா இந்த சீரிஸ இத்தன வருஷம் உயிரோட வெச்சிருக்கறதே மோட்காரங்க, ஆன்லைன் சர்வர்னு ஒண்ணு வந்தா ஏமாத்துறத தடுக்கறோம்ங்கற பேர்ல முதல்ல பூட்டு விழுறது அந்தக் கதவுக்குத்தான்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 கேம்ப்ளே காட்டுற அன்னிக்கு எல்லாரும் டிராகன் இருக்கா கப்பல் இருக்கானு பாப்பாங்க. நீங்க ஆடுறவன் பையைத் தெறக்குற செகண்டுக்காக காத்திருந்து, பின்னாடி நெருப்பும் புகையும் அப்படியே உறையுதா இல்ல ஆடிட்டே இருக்கானு பாருங்க, ரெண்டு மூணு தடவ பாஸ் போட்டு பாருங்க. உறைஞ்சா மெயின் கேம்ல கோ-ஆப் வர்ற வாய்ப்பு ரொம்ப கம்மி. ஆடிட்டே இருந்தா உடனே ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டு ஹாட்கீ பழக ஆரம்பிக்க சொல்லுங்க.